இலையைச் சொல்லுங்கள், புழுவைச் சொல்கிறேன்

செடியில் காணும் புழுக்களைப் பற்றி இந்த முறை வந்த கேள்விகளில் பாதி கறிவேப்பிலைச் செடியைப் பற்றித்தான். படம் அனுப்புகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: புழுவை மட்டும் கிட்டத்தில் எடுத்து அனுப்பாதீர்கள், எந்தச் செடியில் இருந்தது என்றும் எழுதுங்கள். கண்ட இலையையும் தின்கிற புழுக்கள் சில உண்டுதான், ஆனால் பெரும்பாலானவை தங்களுக்கென்று உள்ள ஒன்றிரண்டு செடிகளைத் தாண்டி வாய் வைப்பதில்லை.

கேள்வி: மொட்டை மாடித் தொட்டியில் கறிவேப்பிலை வைத்திருக்கிறேன். இலைமேல் காக்கா எச்சம் என்று தட்டிவிடப் போனால் அது நகர்கிறது! இப்போது பச்சையாகப் பெருத்து, தொட்டால் தலையில் கொம்பு நீட்டுகிறது. மருந்து அடிக்கலாமா? (இல்லத்தரசி, தண்டையார்பேட்டை)

மருந்து வேண்டாம், அந்த இலையை ரசத்தில் போட்டு நீங்கள்தானே சாப்பிடப் போகிறீர்கள். சின்ன வயதில் எச்சம் மாதிரி இருந்து பறவையை ஏமாற்றுவது, கடைசித் தோல் உரித்ததும் இலைப் பச்சைக்கு மாறுவது, இரண்டும் தப்பிப் பிழைக்கிற வழிதான். கொம்பு குத்தாது. தலைக்குப் பின்னாலிருந்து வெளியே வருகிற சதைப்பை அது, கூடவே ஒரு நெடி அடிக்கும், அவ்வளவுதான். லைம் பட்டர்ஃபிளை அல்லது காமன் மார்மன், இந்த இரண்டு பட்டாம்பூச்சிகளில் ஒன்றின் புழு. எலுமிச்சையிலும் இவை இருக்கும். செடி சின்னது என்றால் இரண்டு மூன்று புழுவை மட்டும் ஒரு டப்பாவில் எடுத்து வளருங்கள். கொத்தின் காம்பைத் தண்ணீர் ஊற்றிய சின்ன பாட்டிலில் செருகி, வாயைப் பஞ்சால் அடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் புழு உள்ளே இறங்கி மூழ்கிவிடும். எச்சத்தைத் தினமும் கொட்ட வேண்டும். இலை தீர்ந்துபோனால் காய்கறிக் கடையில் கொசுறாகப் போடுகிற கறிவேப்பிலையைக் கொடுத்துவிடாதீர்கள். அதில் பூச்சிமருந்து இருந்தால் புழு ஒரே நாளில் செத்துவிடும். பக்கத்து வீட்டுச் செடியில் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: ஒரே கறிவேப்பிலைச் செடியில் எடுத்த புழுக்கள். ஒன்று கருப்பில் வெள்ளைப் புள்ளி வரிசையோடு வெளியே வந்தது, இன்னொன்று இறக்கையில் சிவப்போடு வந்தது. இரண்டுக்கும் வால் இருக்கிறது. இரண்டும் ஒரே இனம் என்று என் மகன் சொல்கிறான், நம்ப முடியவில்லை. (கொளத்தூர்)

உங்கள் மகன் சொல்வது சரி. இரண்டும் காமன் மார்மன். லைம் பட்டர்ஃபிளைக்கு வாலே கிடையாது, அதனால் அது கழிந்தது. மார்மனில் ஆண் ஒரே மாதிரி, பெண்ணுக்கோ மூன்று வேஷம்: ஒன்று ஆணைப் போலவே இருக்கும், ஒன்று காமன் ரோஸ் என்கிற வேறு பட்டாம்பூச்சி போல, மற்றொன்று கிரிம்சன் ரோஸ் என்கிற பட்டாம்பூச்சி போல. அந்த ரோஸ்கள் புழுவாக இருக்கும்போது ஆடுதின்னாப்பாளையும் அதன் இனச் செடிகளும் தின்று உடம்பில் நஞ்சு சேர்த்து வைத்தவை, ஒருமுறை கொத்திப் பார்த்த பறவை மறுபடி கிட்டே போகாது. மார்மனிடம் அந்தச் சரக்கு எதுவும் இல்லை, சட்டையை மட்டும் இரவல் வாங்கியிருக்கிறது. பறக்கும்போது நாமும் ஏமாறுவோம். பூவில் உட்கார்ந்ததும் இறக்கையை விட்டுவிட்டு உடம்பைப் பாருங்கள். ரோஸ் என்றால் தலையிலும் வயிற்றிலும் சிவப்பு இருக்கும், மார்மன் என்றால் உடம்பு கருப்பு. ஆக, உங்கள் வீட்டில் சிவப்போடு வந்தது பெண் என்பது உறுதி. மற்றது ஆணாகவும் இருக்கலாம், ஆண் வேஷத்துப் பெண்ணாகவும் இருக்கலாம்.

கேள்வி: ரயில் தண்டவாளத்து ஓரம் எருக்கஞ்செடியில் இருந்து வரி வரியான புழுவைப் பிள்ளைகள் பிடித்து வந்தார்கள். முருங்கைக்கீரை போட்டோம், முட்டைக்கோஸ் போட்டோம், தொடவே இல்லை. (கொருக்குப்பேட்டை)

தொடாது. பட்டினி கிடந்து சாகுமே தவிர அதைத் தின்னாது. எருக்கிலையே கொடுங்கள், அங்கே அதற்கா பஞ்சம்? முதுகில் கருப்பு இழைகள் மூன்று ஜோடி நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள்: முன்னால் ஒன்று, நடுவில் ஒன்று, பின்னால் ஒன்று. இருந்தால் அது ப்ளெயின் டைகர், தமிழில் வெந்தய வரியன். கூட்டுப்புழு தலைகீழாகத் தொங்கும், கறிவேப்பிலைப் புழு போல இடுப்பில் நூல் கட்டிக்கொள்ளாது. இலையை மட்டும் பெரியவர்கள் பறியுங்கள். எருக்கம்பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து, பட்டால் உடனே தண்ணீரில் நன்றாகக் கழுவிவிட்டு கண் டாக்டரிடம் போங்கள். அப்புறம், பிள்ளைகளைத் தண்டவாளம் பக்கம் அனுப்பாதீர்கள், தெருமுனைக் காலிமனையிலேயே எருக்கு இருக்கும்.

கேள்வி: நந்தியாவட்டையில் விரல் தடிமனுக்குப் பச்சைப் புழு, நீலக் கண் இரண்டு முறைக்கிறது. விஷமா? (பெரம்பூர்)

கொட்டாது. அது கண்ணே இல்லை, வெறும் புள்ளி. ஓலியாண்டர் ஹாக் மாத் என்கிற அந்துப்பூச்சியின் புழு அது, அரளியிலும் வரும். திடீரென்று பழுப்பு நிறமாகி செடியை விட்டு இறங்கினால் நோய் என்று நினைக்காதீர்கள், கூட்டுப்புழுவாக இடம் தேடுகிறது. தரையில் சருகைக் கூட்டாமல் விட்டால் போதும்.

கேள்வி: முருங்கை மரத்தடியில் கொத்துக் கொத்தாகக் கம்பளிப்பூச்சி. பந்தம் கட்டிக் கொளுத்தச் சொல்கிறார்கள். அதையும் வளர்க்கச் சொல்வீர்களா? (வியாசர்பாடி)

மாட்டேன். குழந்தைகள் இருக்கிற வீட்டில் அதை ஒழிப்பதுதான் சரி. ஆனால் தலைக்குமேல் கரண்ட் கம்பியும் கேபிள் வயரும் ஓடுகிற நம் சந்துகளில் பந்தம் வேண்டாம். பகலில் அவை அடிமரத்தில் கும்பலாக ஒட்டியிருக்கும்போது, முழுக்கைச் சட்டை போட்டு, நீளக் கழியில் கட்டிய துடைப்பத்தால் சோப்புத் தண்ணீர் வாளிக்குள் தள்ளிவிடுங்கள். மேலே பட்டுவிட்டால் சொறியக் கூடாது. செல்லோ டேப்பை ஒட்டி உரித்தால் முடி வந்துவிடும், பிறகு சோப்பு போட்டுக் கழுவுங்கள். கண்ணில் விழுந்தாலோ மூச்சு வாங்கினாலோ நேராக ஆஸ்பத்திரிக்கு.

கேள்வி: கூட்டுப்புழு கருத்துவிட்டது. பட்டாம்பூச்சி வரும் என்று காத்திருந்தால் ஓட்டை போட்டுக்கொண்டு குட்டிக் குட்டிக் குளவிகள் வந்தன! (திருவொற்றியூர்)

வெளிவரும் நாளுக்கு முன்பும் கூடு கருக்கும், ஆனால் அப்போது தோல் வழியே இறக்கையின் புள்ளிகள் தெரியும். உங்களுடையது ஒட்டுண்ணிக் குளவி. புழு கூட்டுப்புழுவாக மாறத் தோலை உரித்து, கூடு இன்னும் மென்மையாக இருக்கிற நேரம் பார்த்து முட்டை வைத்துவிடும், உள்ளேயே தின்று வளரும். கோபப்பட்டுப் பயனில்லை, அதுவும் பிழைக்க வேண்டும். அடுத்த புழு தின்பதை நிறுத்தி டப்பாவைச் சுற்றிச் சுற்றி வர ஆரம்பித்ததும் பழைய வேட்டித் துணியால் வாயை இறுகக் கட்டுங்கள். கொசுவலையின் கண்ணுக்குள் அந்தக் குளவி நுழைந்துவிடும்.