காட்டாமணக்கில் மின்னும் இது பொன்வண்டா?
பெருந்துறைப் பக்கம் வேலியோரக் காட்டாமணக்கில் எடுத்த படத்தைப் போட்டு, பச்சையாக மின்னும் இது பொன்வண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, கேடயப்பூச்சி. பொன்வண்டின் முதுகில் வகிடு எடுத்த மாதிரி ஒரு கோடு ஓடும். இரண்டு இறக்கை மூடிகள் சேருமிடம் அது. இதற்குக் கோடே இல்லை. மார்பிலிருந்து நீளும் ஒற்றைத் தகடு வயிறு முழுவதையும் மூடியிருக்கிறது. அதனால் ஸ்கூட்டெல்லரிடே குடும்பம்.

அவரையில் நாற்றமடிக்குமே பச்சை நாவாய்ப்பூச்சி, அது பென்டடோமிடே என்ற வேறு குடும்பம். அதன் தகடு முக்கோணமாகப் பாதி முதுகோடு நின்றுவிடும், இறக்கை நுனி வெளியே தெரியும். இரண்டும் ஹெமிப்டெரா, அதாவது உறிஞ்சுகுழல் உள்ள பூச்சிகளின் வரிசைதான்.

கரும்புள்ளிகளைப் பார்த்தால் கிரைசோகோரிஸ் பேரினம் என்பேன். இனம் வரை சொல்ல அடிவயிற்றுப் படமும் வேண்டும். அப்புறம், நசுக்காமல் மெதுவாகத் திருப்புங்கள். கால்களுக்கு நடுவே ஊசி போல உறிஞ்சுகுழல் மடங்கிக் கிடக்கும், அவ்வளவு அழகு!