விழிப்பு மாத்திரையும் ஈரல் மருந்தும்: மருந்தாளரின் பதில்கள்

வெள்ளவத்தையிலிருந்து: ஐயா, என் கணவர் பகலில் அடக்க முடியாத நித்திரை வரும் நார்கோலெப்சி நோய்க்காக மொடாபினில் என்னும் விழிப்பு மாத்திரை எடுத்து வருகிறார். ஹெபடைட்டிஸ் சி தொற்றுக்கு அடுத்த கிழமை சோபோஸ்புவிர், வெல்பட்டாஸ்விர் சேர்ந்த மாத்திரையைத் தொடங்கவிருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்து எடுக்கலாமா?

பதில்: சேர்த்து எடுக்க வேண்டாம் என்பதே ஐரோப்பிய மருந்து விபரக்குறிப்பின் நிலைப்பாடு, என் கருத்தும் அதுவே. மொடாபினில் ஈரலிலும் குடலிலும் உள்ள சைப் 3ஏ4 என்னும் நொதியின் உற்பத்தியைத் தூண்டுகிறது. வெல்பட்டாஸ்விரைச் சிதைக்கும் நொதிகளுள் இதுவும் ஒன்றாகும். சோபோஸ்புவிரைக் குடலிலிருந்து திருப்பி வெளியே தள்ளும் பி-கிளைக்கோபுரதத்தையும் மொடாபினில் தூண்டக்கூடும் என்பதால், இரு மருந்துகளின் அளவும் குருதியில் குறையலாம். இதனால் உடலில் எந்த அறிகுறியும் தோன்றாது. 12 கிழமை ஒழுங்காக மாத்திரை விழுங்கியவருக்கு, சிகிச்சை முடிந்து மேலும் 12 கிழமை கழித்துச் செய்யும் குருதிப் பரிசோதனையில்தான் வைரஸ் எஞ்சியிருப்பது தெரியவரும். அவ்வாறு எஞ்சும் வைரஸ் வெல்பட்டாஸ்விரின் வகை மருந்துகளுக்கு எதிர்ப்புப் பெற்றிருக்கக்கூடும் என்பதால் அடுத்த சிகிச்சையும் கடினமாகும். ஆகவே ஈரல் கிளினிக்கில் மொடாபினிலின் பெயரை முதல் நாளே சொல்லுங்கள். அதை நரம்பியல் வைத்தியர் எழுதியதால் ஈரல் வைத்தியருக்கும் தெரிந்திருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள்.

தெகிவளையிலிருந்து: காலையில் மொடாபினில், இரவில் ஈரல் மருந்து என்று பிரித்து எடுத்தால் பிரச்சினை தீருமே?

பதில்: தீராது. இரு மாத்திரைகளும் வயிற்றில் சந்தித்துக்கொள்வதால் வரும் சிக்கல் அன்று இது. பல நாட்களில் பெருகிய நொதி காலையிலும் இரவிலும் அங்கேயே இருக்கும்.

அதே தெகிவளை அன்பர்: மொடாபினிலின் அரைவாழ்வு, அதாவது உடலிலுள்ள மருந்து பாதியாகக் குறையும் நேரம், ஏறக்குறைய 15 மணித்தியாலம் என்று படித்தேன். அப்படியானால் நான்கு நாள் நிறுத்தினால் உடலில் ஒன்றும் மிஞ்சாது அல்லவா?

பதில்: கணக்குச் சரி, ஆனால் மருந்துக்குரிய கணக்கை நொதிக்குப் போடுகிறீர்கள். மருந்து வெளியேறிய பின்னரும், அது தூண்டி உருவாக்கிய நொதி தன் இயல்பான வேகத்திலேயே அழிந்து பழைய அளவுக்குத் திரும்பும். விருந்தாளி புறப்பட்டுப் போனாலும் அவருக்காகச் சமைத்த சோறு பானையில் கிடப்பதைப் போன்றது இது. நொதி பழைய நிலைக்கு வர ஏறத்தாழ இரண்டு கிழமை தேவை என்பது பொதுவான வழிகாட்டல். தொடங்கும் நாளை வைத்தியரோடு பேசித் தீர்மானியுங்கள்.

வத்தளையிலிருந்து: ஹெபடைட்டிஸ் சிக்கான இன்னொரு மருந்தான டாக்லாட்டாஸ்விரை 60 மில்லிகிராமிலிருந்து 90 ஆக உயர்த்தினால் மொடாபினிலுடன் எடுக்கலாம் என்று என் தம்பி சொல்கிறார். சரியா?

பதில்: தம்பி படித்தது உண்மை. நடுத்தர அளவில் நொதியைத் தூண்டும் மருந்துகளுடன் டாக்லாட்டாஸ்விரை 90 ஆக உயர்த்துமாறு அமெரிக்க விபரக்குறிப்பு கூறியது. அந்தப் பட்டியலில் மொடாபினிலும் உண்டு. ஆனால் டாக்லாட்டாஸ்விரைத் தனியே கொடுப்பதில்லை. வழக்கமான துணை சோபோஸ்புவிர். ஒன்றின் அளவைக் கூட்டுவதால் மற்றதன் குறை நிரம்பாது. வீட்டில் மாத்திரையை உடைத்து அளவு கூட்டுவது அறவே கூடாது.

கொட்டாஞ்சேனையிலிருந்து: நெஞ்செரிவுக்கு ஒமெப்ரசோல் எடுக்கிறேன். அதுவும் தடையா?

பதில்: நல்ல கேள்வி. வெல்பட்டாஸ்விர் கரைய வயிற்று அமிலம் தேவை. ஒமெப்ரசோல் அந்த அமிலத்தைக் குறைக்கிறது. மொடாபினிலோ ஒமெப்ரசோலைச் சிதைக்கும் சைப் 2சி19 நொதியைத் தடுத்து அதன் அளவைக் கூட்டக்கூடும். மூன்றும் ஒருவரிடம் சேர்ந்தால் இரண்டு பக்கத்தாலும் இழப்பு. முடிந்தால் ஒமெப்ரசோலை நிறுத்துவதே மேல். தவிர்க்கவே முடியாவிட்டால் என்ன செய்வதென்பதை வைத்தியரே சொல்ல வேண்டும்.

மருதானையிலிருந்து: மொடாபினிலுக்கும் ஈரல் மருந்துக்கும் இடையே 12 மணித்தியால இடைவெளி விட்டால் போதுமா?

பதில்: தெகிவளை அன்பருக்குச் சொன்னதை வாசியுங்கள்.

மட்டக்குளியிலிருந்து: அப்பாவுக்கு ஈரல் தழும்பேறி இறுகும் சிரோசிஸ் நோய். பகல் முழுவதும் நித்திரை கொள்கிறார், இரவில் விழித்திருக்கிறார். மொடாபினில் கொடுத்துப் பார்க்கலாமா?

பதில்: வேண்டாம் மகள். சிரோசிஸ் உள்ளவருக்குப் பகலும் இரவும் தலைகீழாவது, ஈரல் அகற்றாத நச்சுகள் மூளையைத் தாக்கும் நிலையின் தொடக்கமாக இருக்கலாம். கையெழுத்து மாறியிருக்கிறதா, பேச்சில் தடுமாற்றம் உண்டா, மலச்சிக்கல் இருக்கிறதா என்று பாருங்கள். எதுவாயினும் இன்றே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். விழிப்பு மாத்திரை அந்த எச்சரிக்கையை மறைத்துவிடும். ஈரல் கடுமையாகப் பழுதடைந்தவர்களுக்கு மொடாபினிலின் அளவைப் பாதியாக்கச் சொல்வதும், அது உடலில் தேங்குவதால்தான்.

பம்பலப்பிட்டியிலிருந்து: உயர்தரப் பரீட்சைக்கு இரவில் விழித்துப் படிக்க எந்த மாத்திரை நல்லது?

பதில்: நித்திரை, தம்பி.

வெள்ளவத்தையிலிருந்து மீண்டும்: மொடாபினிலை நிறுத்தினால் என் கணவர் வேலைக்குப் போவது எப்படி?

பதில்: நியாயமான கவலை. நார்கோலெப்சி உள்ளவர் அந்தக் கிழமைகளில் வாகனம் ஓட்டக் கூடாது. மெதைல்பெனிடேட் பெரும்பாலும் வேறொரு நொதியால் சிதைவதால் இங்கே மோதல் எதிர்பார்க்கப்படுவதில்லை. ஆனால் குருதி அழுத்தத்தையும் இதயத் துடிப்பையும் கவனிக்க வேண்டும். ஆர்மொடாபினில் மாற்று ஆகாது. அது மொடாபினிலின் ஒரு பாதியே. நரம்பியல் வைத்தியரும் ஈரல் வைத்தியரும் ஒருவரோடொருவர் பேசட்டும். லிவர்பூல் பல்கலைக்கழகத்தின் ஈரல் மருந்து மோதல் இணையதளம் இலவசம். அதில் இரு பெயர்களையும் இட்டு வரும் விடையை அச்சிட்டுக் கையோடு கொண்டுசெல்லுங்கள்.

கிராண்ட்பாஸிலிருந்து: ஒரு மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னும் மற்றதைப் பின்னும் எடுத்தால்?

பதில்: தெகிவளை அன்பருக்குச் சொன்னதுதான். இடைவெளி பற்றிய கேள்விகளுக்கு இனிப் பதில் இல்லை.