கருமுட்டை எடுத்த பிறகு வயிறு உப்பினால் பயப்படணுமா?

பெங்களூரில் சோதனைக் குழாய் குழந்தை சிகிச்சைக்காகக் கருமுட்டை எடுத்துவிட்டு கிருஷ்ணகிரிக்குத் திரும்பி நாலு நாள், வயிறு பானை மாதிரி இருக்கிறது என்கிறீர்கள். தர்மபுரியில் எனக்கும் இதே கதைதான், மூன்றாம் நாள் நைட்டியே இறுக்கியது.

முட்டை வளரப் போட்ட ஊசிகளால் சினைப்பை அளவுக்கு மீறித் தூண்டப்பட்டு வீங்குகிறது, முட்டை முதிரக் கடைசியாகப் போடும் எச்.சி.ஜி. ஹார்மோன் ஊசிக்கு அப்புறம் ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து வயிற்றில் தேங்குகிறது, பி.சி.ஓ.எஸ். என்ற சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ளவர்களுக்கு வாய்ப்பு அதிகம். லேசானது என்றால் பெரும்பாலும் 7 முதல் 10 நாளில் தானாக வடியும். கர்ப்பம் தங்கினால் இழுத்தடிக்கும், அதனால்தான் பல டாக்டர்கள் கருவை உறைய வைத்து, உடம்பு தேறியதும் உள்ளே வைக்கிறார்கள்.

தினமும் காலையில் எடை பாருங்கள். ஒரே நாளில் 1 கிலோ கூடினாலோ, சிறுநீர் குறைந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, விடாமல் வாந்தி எடுத்தாலோ, கெண்டைக்கால் வலித்து வீங்கினாலோ அன்றைக்கே டாக்டரிடம் போய்விடுங்கள். பெங்களூர் வரை 90 கிலோமீட்டர் உட்கார முடியாது என்றால் போட்ட ஊசிகள் எழுதிய சீட்டோடு பக்கத்திலிருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கே போகலாம்.

வலிக்குப் பாராசிட்டமால் போதும், புரூஃபென், டைக்ளோஃபெனாக் வேண்டாம். ரத்தம் உறையும் ஆபத்து இருப்பதால் படுத்தே கிடக்காமல் மெதுவாக நடமாடுங்கள். ஆனால் குடம் தூக்குவது, தாம்பத்தியம் இரண்டும் இப்போது கூடாது, வீங்கிய சினைப்பை முறுக்கிக்கொள்ளும். மாமியார் அன்போடு கிண்டிய கேழ்வரகுக் களி எனக்கு இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை, உப்புப் போட்ட மோரும் இட்லியும்தான் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனது.