28 வந்தது தற்செயலா?

வணக்கம். 33550336 என்ற எண்ணைப் பற்றிப் படித்தேன். இரட்டை எண், பகு எண், முக்கோண எண், அறுகோண எண், ஐந்தாவது செவ்விய எண் என்று அதற்கு ஏகப்பட்ட பட்டங்கள். விளையாட்டாக இலக்கங்களைக் கூட்டினேன்: 3+3+5+5+0+3+3+6. வந்தது 28. அதுவும் ஒரு செவ்விய எண்! இதற்குப் பின்னால் விதி ஏதாவது இருக்கிறதா, இல்லை தற்செயல்தானா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பாதி விதி, பாதி தற்செயல்.

தன்னை விட்டுவிட்டு மற்ற வகுத்திகளைக் கூட்டினால் அந்த எண்ணே கிடைக்கும் என்றால் அது செவ்விய எண். 28-க்கு 1+2+4+7+14. உங்கள் எண்ணுக்கு இப்படி 25 வகுத்திகள் உண்டு. அத்தனையையும் கூட்ட வேண்டாம், அது 4096 × 8191 என்று தெரிந்தால் போதும். 4096 என்பது 2-இன் 12ஆவது அடுக்கு. அதன் இருமடங்கில் ஒன்று குறைத்தால் 8191, அது பகா எண். இந்த அமைப்பு செவ்விய எண்ணைத் தரும் என்று யூக்ளிட் காட்டினார். இரட்டைச் செவ்விய எண்கள் எல்லாமே இந்த அமைப்பில்தான் இருக்கும் என்று 18ஆம் நூற்றாண்டில் ஆய்லர் நிறுவினார். முக்கோணம், அறுகோணம் என்ற பட்டங்களும் இதிலிருந்தே வந்துவிடுகின்றன (1 முதல் 8191 வரை கூட்டினாலும் இதே எண்தான்). அவற்றைத் தனிப் பெருமையாக எண்ண வேண்டியதில்லை.

சரி, 28-க்கு வருவோம். ஓர் எண்ணையும் அதன் இலக்கங்களின் கூட்டுத்தொகையையும் 9-ஆல் வகுத்தால் ஒரே மீதிதான் வரும். 4096 என்பது 4-இன் அடுக்கும்கூட. 6-ஐத் தவிர மற்ற இரட்டைச் செவ்விய எண்களிலும் 4096-இன் இடத்தில் 4-இன் அடுக்குதான் வரும். 4-இன் அடுக்குகளை 9-ஆல் வகுத்தால் மீதி 1, 4, 7 இவற்றில் ஒன்றுதான். ஒவ்வொன்றையும் அதன் இருமடங்கில் ஒன்று குறைந்த எண்ணால் பெருக்குங்கள்: 1×1=1, 4×7=28, 7×13=91. மூன்றிலும் மீதி 1. ஆக, 6-ஐத் தவிர எந்த இரட்டைச் செவ்விய எண்ணையும் ஓரிலக்கம் ஆகும்வரை கூட்டிக்கொண்டே போனால் 1-இல் போய் நிற்கும். இது விதி. 496-உம் 8128-உம் 19 வழியாகப் போகின்றன, உங்கள் எண் 28 வழியாகப் போகிறது. 37 வந்திருந்தாலும் விதிக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

இந்தக் கணக்கில் 8191 பகா எண் என்பதை நான் பயன்படுத்தவே இல்லை, கவனித்தீர்களா? அதனால் 1024 × 2047 = 2096128-ஐயும் கூட்டிப் பாருங்கள். அதுவும் 28! ஆனால் 2047 என்பது 23 × 89. பகா எண் இல்லாததால் 2096128 செவ்விய எண்ணும் இல்லை.

இலக்கங்களை நம்பி ஏமாறுவது பழைய கதைதான். முதல் நான்கு செவ்விய எண்கள் 6, 28, 496, 8128. இதைப் பார்த்து, ஓரிலக்கத்தில் ஒன்று, ஈரிலக்கத்தில் ஒன்று என்று ஒவ்வொரு இலக்க எண்ணிக்கைக்கும் ஒன்று இருக்கும், கடைசி இலக்கம் 6, 8 என்று மாறி மாறி வரும் என்று கருதினார் பண்டைய கிரேக்கக் கணிதர் நிக்கோமாக்கஸ். ஐந்தாவதோ நேராக எட்டு இலக்கத்துக்குத் தாவிவிட்டது. ஆறாவது 8589869056, அதுவும் 6-இலேயே முடிகிறது. இரட்டைச் செவ்விய எண்கள் 6 அல்லது 8-இல் முடியும் என்பது மட்டும்தான் தேறியது.

இலக்கங்களில் உங்களுக்கு ஆர்வம் இருப்பதால் ஒன்று சொல்கிறேன். 33550336-ஐ இரும முறையில் எழுதிப் பாருங்கள். 13 ஒன்றுகள், அப்புறம் 12 பூஜ்யங்கள், அவ்வளவுதான்.