கோடை மலையில் ரேடியோ ஆல்பம்: நிலையத்தை விடுங்கள், இரைச்சலைப் பிடியுங்கள்

கேள்வி: பூம்பாறையில் பூண்டு விவசாயம் செய்கிறேன். காட்டு வேலைக்கு ரேடியோதான் துணை. ஏழெட்டு வருடமாகக் கொடைக்கானல் வானொலியான கோடை பண்பலையில் வந்ததையெல்லாம் போனில் பதிந்து வைத்திருக்கிறேன். அந்தத் துணுக்குகளைக் கோத்து, சோதனை முயற்சியாக ஒரு தனி ஆல்பம் செய்ய ஆசை. பண்ணைக்காட்டு நாதசுரக்காரர் ஒருவரும், மதுரையில் கீபோர்டு வாசிக்கும் நண்பரும் சேர்ந்துகொள்கிறேன் என்கிறார்கள். பத்து நொடிக்குள் எடுத்தால் காப்புரிமைச் சிக்கல் வராதாமே? வேலையை எங்கிருந்து தொடங்கலாம்?

பதில்: பத்து நொடிக் கதையை யார் கிளப்பிவிட்டார்களோ, என்னிடம் மாதம் ஒருவராவது கேட்டுவிடுகிறார். 1957-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தில் இத்தனை நொடி வரை இலவசம் என்று ஒரு வரிகூடக் கிடையாது. ரேடியோவில் வந்த சினிமாப் பாட்டில் உரிமை அடுக்கடுக்காக இருக்கிறது. ஒலிபரப்புக்கு 25 ஆண்டு. ஒலிப்பதிவுக்கு, வெளியான ஆண்டு முடிந்து 60 ஆண்டு. மெட்டுக்கும் வரிக்கும், எழுதியவர் மறைந்த பிறகும் 60 ஆண்டு. அறிவிப்பாளர் குரல் வேண்டுமானால் நிலையத்துக்கு எழுதி, எழுத்திலேயே அனுமதி வாங்குங்கள். நிலையத்துக்குப் போன் போட்டுப் பாட்டுக் கேட்ட நேயர்களின் குரலை விட்டுவிடுங்கள். அவர்கள் உங்கள் ஆல்பத்துக்காகப் பேசவில்லை.

சட்டத்தைத் தள்ளிவைத்துவிட்டும் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பதிவுகள் உங்களுக்கு நினைவு. கேட்பவருக்கு அது யாரோ போட்ட பழைய பாட்டு. உங்களுக்கே உரிய சரக்கு ஒரு நிலையத்துக்கும் அடுத்த நிலையத்துக்கும் நடுவில் கிடக்கிறது. 1951-லேயே அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜ் 12 ரேடியோக்களை மேடையில் வைத்து, பெட்டிக்கு இரண்டு பேராக 24 பேரை உட்காரவைத்து இசை நடத்தினார். ஒருவர் அலைவரிசையைத் திருகுவார், மற்றவர் சத்தத்தைக் கூட்டிக் குறைப்பார். அன்று காற்றில் என்ன வந்ததோ அதுதான் கச்சேரி.

பண்பலையை விட்டு மத்திய அலைக்கு (பழைய ரேடியோக்களில் ‘மீடியம் வேவ்’) வாருங்கள். பகலில் வளிமண்டலத்தின் உச்சியில் ஓர் அடுக்கு இந்த அலைகளை விழுங்கிவிடும். பொழுது சாய்ந்ததும் அந்த அடுக்கு கரைய, அதற்கும் மேலே இருக்கும் அடுக்கில் பட்டுத் திரும்பி, தூர தேசத்து நிலையங்களெல்லாம் எழும்பி எழும்பி அமுங்கும். எல்.இ.டி. பல்பும் சார்ஜரும் இதில் கரகரவென்று புகுந்து கெடுக்கும். அதனால் கரண்ட் போன ராத்திரிதான் உங்களுக்கு நல்ல நேரம். நம் மலையில் அதற்கா பஞ்சம்! பேட்டரி ரேடியோவின் இயர்போன் துளையிலிருந்து ஒயர் போட்டு நேராகப் பதிவுக் கருவிக்குக் கொடுங்கள். துண்டு துண்டாக வேண்டாம், இருபது நிமிடம் நிறுத்தாமல் ஓடட்டும். தூரத்து மின்னல்கூடப் படபடவென்று விழும். இடி நெருங்கிவிட்டால் வெளியே கட்டிய ஏரியல் ஒயர் பக்கமே போகாதீர்கள். போலீஸ், வனத்துறை வயர்லெஸ் பேச்சையும் தொடக்கூடாது.

இனி எனக்குப் பிடித்த வேலை. முள் நகரும் பழைய ரேடியோ மூன்று தேடிப் பிடியுங்கள், டிஜிட்டல் உதவாது. ஒன்றை 1200 கிலோஹெர்ட்ஸ் பக்கம், நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் வையுங்கள். மற்ற இரண்டையும் சத்தத்தை முழுக்கக் குறைத்து, ஏறக்குறைய 745-ல் வைத்து, முதல் பெட்டிக்கு ஒட்டினாற்போல் வையுங்கள். இந்த வகை ரேடியோக்களில் பெரும்பாலானவை, நாம் வைத்த இடத்திலிருந்து 455 கிலோஹெர்ட்ஸ் மேலே தமக்குள் ஓர் அலையை உண்டாக்கும். 745-உம் 455-உம் 1200 ஆயிற்றா? இரண்டு அலைகளும் அங்கே மோத, அவற்றின் வித்தியாசம் மட்டும் விசிலாகக் காதுக்கு வரும். ஒரு திருகைத் தலைமுடி அளவு நகர்த்தினால் விசில் வழுக்கிக்கொண்டு ஏறும், இறங்கும். உடனே வராது, பெட்டிகளைத் திருப்பித் திருப்பி வைத்துப் பாருங்கள். இதில் எந்தக் கம்பெனிக்கும் உரிமை கிடையாது.

நாதசுரக்காரரை இதற்குப் பிறகு கூப்பிடுங்கள். அவர் வாத்தியத்தின் சுருதி அமைந்தது அமைந்ததுதான்; ரேடியோதான் அவருக்கு இறங்கி வரவேண்டும். விசிலை அவர் ஆதார சுருதிக்குக் கொண்டுவந்து நிறுத்துங்கள். பெட்டி சூடாகிக் குளிர, சுருதி மெல்ல நழுவும். அதைத் திருத்தாதீர்கள். அவர் கமகத்தால், அதாவது சுரத்தை அசைத்து வளைத்து, அதைத் துரத்திப் பிடிப்பதுதான் பாட்டு. மைக்கை ஏழெட்டு அடி தள்ளி, முடிந்தால் திறந்த வெளியில் வையுங்கள்.

மதுரை நண்பரிடம் ஒன்றே ஒன்று சொல்லுங்கள். மத்திய அலை ஒலி சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் போகாது. நடுவில்தான் அடைத்துக்கொண்டு உட்காரும். அவர் கை கீழ்ஸ்தாயியிலேயே இருந்தால் இரண்டும் முட்டிக்கொள்ளாது.

முடிவெல்லாம் உங்களுடையது என்றால் தனி ஆல்பம் என்று தாராளமாகப் போடலாம். ஆனால் யார் எந்தப் பாட்டில் வாசித்தார் என்று பெயர் போட்டாக வேண்டும். வாசிக்கும் முன்பே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். உரிமையை எழுதி வாங்கும்போது காலம் குறிப்பிடாவிட்டால் சட்டப்படி 5 ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். ஆல்பம் இணையத்தில்தானே வரப்போகிறது? ‘உலகம் முழுவதும்’ என்ற இரண்டு சொல்லையும், வரும் பணத்தில் அவர்களுக்கு எவ்வளவு என்பதையும் மறக்காமல் சேர்த்துவிடுங்கள்.