வீடே இல்லாதவரிடம் “ஓய்வெடுங்கள், வேளாவேளைக்கு மருந்து சாப்பிடுங்கள்” என்று சொல்வதில் பொருள் உண்டா?

கேள்வி கேட்டிருப்பவர் செவிலியர் படிப்பில் இருக்கிறார். சமூகநலப் பயிற்சிக்காகத் தெருவோரங்களிலும் இரவுத் தங்குமிடங்களிலும் வாழும் மக்களைப் பார்க்கப் போகிறார். தலைப்பில் உள்ள கேள்வியோடு, அத்தகைய மக்களுக்கு ஒரு செவிலியரால் உண்மையில் என்னதான் செய்ய முடியும் என்றும் கேட்டிருக்கிறார். இந்தப் பணியில் இருக்கும் செவிலியர் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

அந்த அறிவுரையை அப்படியே ஒப்பிப்பதில் பொருள் இல்லை. ஆனால் அதனால் நலக்கல்வியே வீண் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. நாம் சொல்லும் ஏறத்தாழ எல்லா மருத்துவ அறிவுரைக்குள்ளும் ஒரு வீடு மறைந்திருக்கிறது: மருந்தை வைக்க ஓர் அலமாரி, நடு இரவில் எழுந்து போகக் கழிப்பறை, புண்ணைக் கழுவத் தண்ணீர், கதவைத் தாழிட்டுவிட்டு அயர்ந்து தூங்க ஓர் அறை. அந்த வீட்டை அடையாளம் கண்டு, அது இல்லாமலேயே சிகிச்சை நடக்கும்படி மாற்றித் தருவதுதான் இங்கே செவிலியரின் தனித்திறன் என்று நான் கருதுகிறேன்.

சிறுநீரைப் பெருக்கும் மாத்திரையையே எடுத்துக்கொள்ளுங்கள். இதயம் பலவீனமாகிக் கால்கள் வீங்கியிருக்கும் ஒருவருக்கு அது உயிர்காக்கும் மருந்து; ஆனால் அதை விழுங்கிய சில மணி நேரத்துக்கு அவர் திரும்பத் திரும்பக் கழிப்பறைக்குப் போயாக வேண்டும். பொதுக் கழிப்பறை பூட்டிக் கிடக்கிறது, கடைக்காரர்கள் உள்ளே விடுவதில்லை, மறைவான இடத்தில் ஒதுங்கினால் விரட்டுகிறார்கள் என்றால் அவர் அந்த மாத்திரையைச் சாப்பிடாமல் விடுவதுதான் இயல்பு. பதிவேட்டில் அது “ஒத்துழைக்காத நோயாளி” என்று ஏறிவிடுகிறது. அந்தச் சொல்லை நான் ஒருபோதும் எழுதுவதில்லை. எந்த நேரத்தில் அவருக்குக் கழிப்பறை கிடைக்கிறது என்று கேட்டு, அந்த நேரத்துக்கு மாத்திரையை மாற்ற முடியுமா என்று மருத்துவரிடம் பேசினால், அதே மனிதர் ஒழுங்காக மருந்து சாப்பிடுவார். தூக்கம் வரவழைக்கும் மனநல மருந்துகளிலும் இதே சிக்கல் உண்டு. திறந்தவெளியில் படுப்பவருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, அயர்ந்த தூக்கம் என்பது திருட்டுக்கும் தாக்குதலுக்கும் இடம் கொடுப்பது. மருந்தைத் தவிர்ப்பவர் தம்மைக் காத்துக்கொள்கிறார்.

நீரிழிவு இன்னும் நுட்பமானது. பயன்பாட்டில் உள்ள இன்சுலின் வகைகளில் பெரும்பாலானவற்றை 30 டிகிரி செல்சியஸுக்குக் குறைவான வெப்பத்தில் ஏறத்தாழ 4 வாரம் குளிர்பெட்டி இல்லாமலே வைத்துக்கொள்ளலாம்; வெயிலில் கிடக்கும் பைக்குள் அது கெட்டுவிடும். அதைவிடப் பெரிய ஆபத்து, ஊசி போட்டுக்கொண்ட பிறகு உணவு கிடைக்காமல் போவது. சர்க்கரை தாழ்ந்து தடுமாறி, வியர்த்து, குழறிப் பேசுபவரைக் குடித்திருக்கிறார் என்று எண்ணி எல்லோரும் கடந்துபோய்விடுவார்கள். ஆகவே அடுத்த வேளை உணவு உறுதியில்லாதவருக்கு மிகக் கறாரான சர்க்கரை இலக்கை வைப்பதைவிடச் சற்றுத் தளர்ந்த, ஆனால் பாதுகாப்பான இலக்கே சரி என்று மருத்துவரிடம் எடுத்துச் சொல்ல வேண்டியவர் செவிலியர்தான். ஏனென்றால் நோயாளி எங்கே, எப்போது சாப்பிடுகிறார் என்பது நமக்குத்தான் தெரிந்திருக்கும்.

கால்களைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். நாள் முழுவதும் நடப்பது, ஈரக் காலணியைக் கழற்றாமலே தூங்குவது (கழற்றினால் காணாமல் போய்விடும்), உட்கார்ந்தபடியே இரவைக் கழிப்பது எல்லாம் சேர்ந்து கால்களை முதலில் கெடுக்கின்றன: வீக்கம், விரலிடைச் சேற்றுப்புண், பித்தவெடிப்பு, ஆறாத புண், நாள்கணக்கில் ஈரத்தில் ஊறி மரத்துப்போன தோல். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் வீடற்றோருக்கான மருத்துவத் திட்டம் 1985-இல் தொடங்கியபோது அதில் சேர்ந்த இளம் மருத்துவர் ஜிம் ஓ’கானலை, அங்குள்ள தங்குமிடம் ஒன்றில் பணியாற்றிய செவிலியர் பார்பரா மெக்கின்னிஸ், ஸ்டெதாஸ்கோப்பை ஒதுக்கிவைத்துவிட்டு முதலில் மக்களின் பாதங்களைத் தண்ணீரில் வைத்துக் கழுவப் பழகச் சொன்னார். நோயாளியின் காலடியில் அமர்ந்தவரிடம்தான் பேச்சு வரும் என்பது அந்தச் செவிலியர்களின் அனுபவம்; என் அனுபவமும் அதுவே.

செய்யும் முறையிலும் கவனம் வேண்டும். முதலில் அனுமதி கேளுங்கள். அவருடைய பையை அவர் கண்ணில் படும்படி வையுங்கள். பை மறைந்தால் அவர் மனம் உங்களிடம் இருக்காது. தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கிறதா என்பதை உங்கள் மணிக்கட்டின் உள்பக்கத்தில் சோதியுங்கள். உணர்விழந்த பாதம் சூட்டைச் சொல்லாது. நீரிழிவு உள்ளவரின் பாதத்தை ஊறவைக்காமல் கழுவி உடனே துடைக்க வேண்டும். ஒவ்வொரு விரலிடுக்கையும் ஒற்றி எடுத்து உலர்த்தும்போதே நிறம், வெடிப்பு, நாற்றம், நாடித்துடிப்பு, குதிகால் எல்லாம் பார்த்துவிடலாம். முடிவில் உலர்ந்த காலுறை ஒன்றை மாட்டிவிட்டு, மாற்றுக்கு இன்னொரு ஜோடியும் கொடுங்கள். காலைப் பார்த்துக்கொண்டிருக்கையில்தான் இருமலைப் பற்றியும், மார்பில் தட்டுப்படும் கட்டியைப் பற்றியும், தொலைந்துபோன பிள்ளையைப் பற்றியும் சொல்லத் தொடங்குவார்கள்.

தோல் நோய்களிலும் மறைந்திருக்கும் வீட்டைத் தேடுங்கள். சிரங்குக்கான பெர்மெத்ரின் களிம்பைக் கழுத்து முதல் கால்வரை பூசி, 8 முதல் 14 மணி நேரம் விட்டு, பிறகு குளித்து, உடுத்தியதையும் விரித்ததையும் வெந்நீரில் துவைக்க வேண்டும். குளியலறை இல்லாதவருக்கு இது நடக்காத காரியம். பொருத்தமானவர்களுக்கு ஐவர்மெக்டின் மாத்திரையை இரண்டு தவணையாக, நம் கண்முன்னே கொடுத்துவிட முடியும். சீலைப்பேன் உடலில் தங்குவதில்லை, துணியின் தையல் மடிப்புகளில் தங்குகிறது. எனவே மருந்தைவிட மாற்றுடையும் கொதிநீர்ச் சலவையுமே அதற்குச் சிகிச்சை. முதல் உலகப் போரில் பதுங்குகுழி வீரர்களை வாட்டிய காய்ச்சலை அந்தப் பேன் இன்றும் பெருநகரங்களின் வீடற்ற மக்களிடையே பரப்புகிறது. அது இதய வால்வுகளைக்கூடத் தாக்கும்.

நலக்கல்வியில் ஓர் எச்சரிக்கை. நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவரிடம் “இன்றே நிறுத்திவிடுங்கள்” என்று சொல்லாதீர்கள். திடீரென நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் வந்து உயிரே போகலாம். நிறுத்த விரும்புபவரை மருத்துவக் கண்காணிப்புக்கு அழைத்துச் செல்வதே முறை. புகையிலையை விடும் உதவியை மட்டும் தயங்காமல் கொடுங்கள். “இவர்களுக்கு இருக்கும் ஒரே ஆறுதல் அதுதான்” என்று நாமாக முடிவுசெய்வது இரக்கம்போலத் தோன்றினாலும், விட விரும்புகிறவருக்கு அது பெரிய அநீதி.

தனிமனித அறிவுரையைவிடச் சூழலை மாற்றுவது எவ்வளவு வலியது என்பதற்கு அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் 2016 இறுதியில் தொடங்கிய மஞ்சள்காமாலை (ஹெபடைடிஸ் ஏ) பரவல் சான்று. 592 பேர் நோயுற்று 20 பேர் இறந்தார்கள். பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பகுதியினர் வீடற்றவர்கள் அல்லது போதைப்பொருள் பயன்படுத்துபவர்கள். கழிப்பறையும் கைகழுவும் இடமும் இல்லாதவரிடம் கைகழுவுவதன் அவசியத்தை விளக்கி என்ன பயன்? தெருக்களில் கைகழுவும் தொட்டிகளை வைத்து, செவிலியர்கள் மக்கள் படுத்திருக்கும் இடங்களுக்கே நடந்துபோய்த் தடுப்பூசி போட்ட பிறகே பரவல் அடங்கியது. நலவாழ்வு மேம்பாட்டுக்கான உலக மாநாடு 1986-இல் வெளியிட்ட ஒட்டாவா சாசனம் நலவாழ்வுக்கான அடிப்படைத் தேவைகளைப் பட்டியலிடும்போது அமைதிக்கு அடுத்தபடியாக உறைவிடத்தைச் சொல்கிறது. எனவே உறைவிடம் பெறுவதற்கான சான்றிதழுக்கும் விண்ணப்பத்துக்கும் உதவுவதைச் செவிலியர் பணிக்கு வெளியே உள்ள சலுகையாக எண்ணாதீர்கள். கட்டுப் போடுவதைப் போலவே அதுவும் நம் வேலை.

மருத்துவமனையிலிருந்து அனுப்பும் நேரம்தான் எல்லாம் குலையும் இடம். காசநோய்க்கு வழக்கமான சிகிச்சையே 6 மாதம். நோயாளி வார்டை விட்டுப் போன மறுநாளே தொடர்பு அறுந்துவிடலாம். முகவரிக் கட்டத்தில் “இல்லை” என்று எழுதிவிட்டு நகராமல், வழக்கமாக எங்கே படுப்பார், காலையில் எங்கே தேநீர் குடிப்பார், யாரிடம் சொன்னால் செய்தி அவரைச் சேரும் என்று அவர் ஒப்புதலுடன் கேட்டு எழுதுங்கள். எலும்பு முறிவோடும் புதிய தையலோடும் நடைபாதைக்குத் திரும்ப முடியாதவர்களுக்கு நோய்தேறும் விடுதிகள் பல நகரங்களில் உண்டு. பாஸ்டனில் உள்ளது பார்பரா மெக்கின்னிஸின் பெயரையே தாங்கியிருக்கிறது. உங்கள் பயிற்சிப் பகுதியில் அப்படியொன்று இருக்கிறதா, அங்கே சேர்க்க யாருடைய கடிதம் வேண்டும் என்பதைப் பயிற்சியின் முதல் நாளிலேயே கேட்டு வையுங்கள். மாலை ஐந்து மணிக்கு ஒருவரை வெளியே அனுப்பச் சொல்லும்போது விசாரிக்க நேரம் இருக்காது.