26 அடிப் பாய்மரப் படகுக்கு எதை முதலில் வாங்குவது?

கேள்வி: நண்பர்கள் இருவருடன் சேர்ந்து 26 அடி நீளமான பழைய பாய்மரப் படகொன்றை வாங்கித் திருகோணமலைக்கு அருகே உப்புவெளியில் வைத்திருக்கிறேன். இப்போதைக்குக் கொட்டியாரக்குடாவுக்குள்ளும் புறாமலை வரையும்தான் ஓட்டம். வாடை அடங்கியதும் பாசிக்குடா வரை போய்வர எண்ணம். படகில் திசைகாட்டியைத் தவிர வேறு கருவி இல்லை. கடல்வரைபடத்தில் படகின் இருப்பிடத்தைக் காட்டும், பெரிய திரையுள்ள சார்ட் ப்ளொட்டரையும் ராடரையும் சேர்த்து வாங்கும்படி விற்பனையாளர் சொல்கிறார். கையில் அவ்வளவு பணம் இல்லை. எதை முதலில் வாங்க வேண்டும்?

பதில்: ராடரை இப்போது விட்டுவிடுங்கள். நம் கடலில் மூடுபனி அரிது. அந்தப் பாரத்தையும் மின்செலவையும் 26 அடிப் படகின் தலையில் ஏற்றுவதற்கு நியாயம் இல்லை. பெரிய திரையும் காத்திருக்கலாம். நீங்கள் நிற்கும் இடத்தைச் சட்டைப்பையிலுள்ள கைபேசிகூட உங்களுக்குச் சொல்லிவிடும். நீங்கள் ஆபத்தில் இருப்பதை அருகில் போகும் கப்பலுக்குச் சொல்ல அதனால் முடியாது. ஆகவே முதற் பணம், அருகிலுள்ள படகுகளுடனும் கப்பல்களுடனும் பேச உதவும் வி.எச்.எஃப். வானொலிக்கே போக வேண்டும்.

நிலையாகப் பொருத்தும் 25 வாற்று வானொலியையே வாங்குங்கள். அதில் டி.எஸ்.சி. எனப்படும் எண்முறை அழைப்பு வசதி இருக்க வேண்டும்; ஜி.பி.எஸ்.ஸையும், கப்பல்கள் அறிவிக்கும் இருப்பிடத்தைப் பெற்றுக் காட்டும் ஏ.ஐ.எஸ். பெறுங்கருவியையும் உள்ளேயே கொண்ட வகை கிடைத்தால் தனித்தனியாக வாங்கும் செலவு மிச்சமாகும். சிவப்புப் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் படகின் அடையாள எண்ணும் இருப்பிடமும் 70ஆம் அலைவரிசையில் போகும். அதன் பிறகு 16இல் வாய்விட்டுப் பேசலாம். இலங்கையில் 417 என்று தொடங்கும் அந்த 9 இலக்க எண்ணைப் பதியாமல் பொத்தானை நம்பியிருப்பது வீண். எண்ணுக்கும் உரிமத்துக்கும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடம் வாங்கும்போதே விண்ணப்பித்துவிடுங்கள்.

வானொலி எவ்வளவு தூரம் பேசும் என்பதை அதன் வாற்றைவிட அன்டெனாவின் உயரமே தீர்மானிக்கிறது. பாய்மர உச்சியில் 10 மீற்றர் உயரத்தில் அன்டெனா இருந்தால், அதே உயர அன்டெனா உள்ள இன்னொரு படகுடன் ஏறத்தாழ 14 கடல்மைல் வரை பேசலாம். இருவரும் கையடக்க வானொலியுடன் தளத்தில் உட்கார்ந்திருந்தால் அது 4, 5 கடல்மைலாகச் சுருங்கிவிடும். கோணேசர் மலை போன்ற பாறை இடையில் வந்தால் அந்தக் கணக்கும் செல்லாது.

அன்டெனாக் கம்பியில் காசை மிச்சம் பிடிக்க வேண்டாம். 15 மீற்றர் நீளமான மெல்லிய ஆர்.ஜி.58 கம்பி, உங்கள் 25 வாற்றில் ஏறத்தாழப் பாதியைத் தின்றுவிடும், தடித்த ஆர்.ஜி.213 அதைவிட மிகக் குறைவாகவே இழக்கும். சில வருடங்களுக்கு முன், வாங்கி ஓராண்டுகூட ஆகாத வானொலி 'செத்துவிட்டது' என்று ஒருவர் என்னிடம் கொண்டுவந்தார். கருவியில் குறை எதுவும் இல்லை. பாய்மர அடியில் இருந்த இணைப்பைக் கழற்றினால், பித்தளை முழுவதும் பச்சைப் பொடி. செப்புக் கம்பி கறுத்து, விரல் பட்டதும் உதிர்ந்தது. தன்னோடு தானே ஒட்டும் ரப்பர் டேப்பால் அந்த இணைப்பை முதல் நாளே இறுக்கிச் சுற்றியிருந்தால் போதும்.

இரண்டாவதாக, ஒலியை அனுப்பி அதன் எதிரொலியால் ஆழத்தை அளக்கும் ஆழமானி. புறாமலையைச் சுற்றிப் பவளப் பார், கொட்டியாரக்குடாவுக்குள் மகாவலி கொண்டுவந்து கொட்டும் மணல் என்று இங்கு தரை தட்ட இடம் நிறைய உண்டு. ஆனால் குடாவிலிருந்து கடலுக்கு இறங்கும் ஆழ்பள்ளத்தின் மேல் போகும்போது மலிவான கருவி தரையைத் தவறவிடும். பிந்தி வரும் எதிரொலியை அடுத்த ஒலியின் பதிலாக எண்ணி, பல நூறு மீற்றர் ஆழத்தில் '7 மீற்றர்' என்றும் காட்டலாம். அதைக் கண்டு சுக்கானைத் திருப்புவதற்கு முன் வரைபடத்தைப் பாருங்கள்.

சீனக்குடா மா ஆலைக்கும் எண்ணெய்த் தாங்கிகளுக்கும் வரும் பெரிய கப்பல்களை ஏ.ஐ.எஸ். காட்டும். இரவில் உங்கள் முன்னால் வலை விரித்திருக்கும் ஃபைபர் படகை அது காட்டாது, ஏனெனில் அதில் அந்தக் கருவியே இருக்காது. அதற்குக் கண்தான் வேண்டும். காட்டும் வசதி மட்டும் இப்போது போதும். பாசிக்குடாப் பயணம் வழக்கமானால் நீங்களும் அறிவிக்கும் பி வகுப்புக் கருவியைப் பற்றி யோசிக்கலாம்.

ப்ளொட்டர் என்றால் 7 அங்குலம் தாராளம். அதுவரை, வரைபடங்களை முன்கூட்டியே இறக்கிவைத்த கைபேசி உதவும்; ஆனால் வெயிலில் சூடேறி அணைந்துபோகும், உப்புநீர் பட்ட விரலுக்கு அடங்காது. ஆகவே அச்சிட்ட கடல்வரைபடம் ஒன்று உள்ளே இருக்கட்டும். உங்களிடமுள்ள திசைகாட்டியையும் காப்பாற்றுங்கள்: வானொலியின் ஒலிபெருக்கியில் காந்தம் உண்டு. பொருத்துவதற்கு முன் வானொலியைக் கையில் பிடித்துத் திசைகாட்டிக்கு அருகே கொண்டுபோனால் தட்டு நகர்வதைக் கண்ணால் காணலாம். குறைந்தது ஒரு மீற்றர் தள்ளி வையுங்கள்.

மின்சாரக் கணக்கு எளிது. வானொலி கேட்டுக்கொண்டிருக்க அரை அம்பியர், சிறிய ப்ளொட்டருக்கு ஓர் அம்பியர் என்று வைத்தால் 24 மணி நேரத்துக்கு 36 அம்பியர்-மணி. இரவில் விளக்குகள் அதற்கு மேல். 100 அம்பியர்-மணி ஈய அமிலப் பற்றரியில் பாதியைத்தான் பழுதின்றி எடுக்கலாம். 100 வாற்று சோலார் தகடொன்று நல்ல வெயிலில் இதன் பெரும்பகுதியை ஈடுசெய்யும். வானொலிக்குத் தனி ஃபியூஸ் போட்டு, பற்றரியிலிருந்து நேரே தடித்த கம்பி இழுங்கள். அனுப்பும்போது அது 5, 6 அம்பியர் இழுக்கும்.

பாசிக்குடா 45 கடல்மைலுக்குச் சற்று மேல். வெருகல், வாகரைக்கு நேரே வெளியே போகையில் வானொலியைக் கேட்க அருகில் எவரும் இல்லாமல் இருக்கலாம். அந்தப் பயணத்துக்கு முன், ஆபத்தில் இருப்பிடத்தை அறிவிக்கும் 406 மெகாஹேர்ட்ஸ் இ.பி.ஐ.ஆர்.பி. கருவி ஒன்றை வாங்கி, உங்கள் பெயரிலும் கரையில் இருப்பவரின் தொலைபேசி எண்ணுடனும் பதிவு செய்யுங்கள். இயக்கினால் 48 மணி நேரமாவது செயற்கைக்கோள்களுக்குச் சமிக்ஞை அனுப்பும். நீர்புகா கையடக்க வானொலி ஒன்றும் வாங்குங்கள். பாய்மரம் முறிந்தால் உச்சி அன்டெனாவும் சேர்ந்தே போகும் என்பதால், அந்தக் கையடக்க வானொலியைப் பெட்டியில் பூட்டாமல் ஏறும் படியருகே தொங்கவிடுங்கள்.